உங்கம்மாவுக்குச் சமைக்க நான் இருக்கிறேன்

தினேசு,

நலம் விசாரித்துத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசலாம் என்றால் நீ பேச விடுவதில்லை. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் "நைனா, மொதல்ல நான் சொல்றத கேளு" என்று ஆரம்பித்துவிடுகிறாய். எனக்கும் குரல் ஏறிவிடுகிறது, உங்கம்மா போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போடப்போகிறேன். நீயும் உன் சேதியை அங்கேதானே போட்டாய்? சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிற இடத்தில், "கல்யாணத்துக்கு அப்புறம் கலை தன் வேலைய விட்டுட்டு வீட்லயே இருந்து அம்மாவுக்கு டயட் சாப்பாடு பண்ணிப் போடும், இனிமே யாரும் கவலப்பட வேணாம்" என்று எழுதி, கும்பிடுகிற கை பொம்மை ஒன்றையும் சேர்த்துப் போட்டாய். எல்லோரும் பூப் போட்டார்கள், கைதட்டினார்கள். நிச்சயதார்த்தத்தன்று நீ கட்டிக்கொள்ளப்போகிற கலையை நீயே அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாயே, அது உனக்கு நினைவிருந்ததா? தன் வேலை போகப்போகிறது என்பதை அவளும் மற்றவர்களைப் போல அங்கேதான் படித்துத் தெரிந்துகொண்டாள்.

அன்று மதியமே எனக்குப் போன் செய்தாள். பொன்னேரியில் அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து பேசினாள். பின்னால் யாரோ யார் பேரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "மாமா, அவரு உங்ககிட்ட பேசிட்டுத்தான் போட்டாரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, உன்கிட்ட பேசிட்டுப் போட்டான்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றேன். "நான் வேலைய விடணுமா மாமா?" என்று கேட்டாள். எப்படிக் கேட்டாள் தெரியுமா? அழவில்லை, கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வெளியே போகட்டுமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "விடாதம்மா. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன். இப்படி எழுதப்போகிறேன் என்று பிறகு அவளிடம் சொன்னேன். "எழுதுங்க மாமா" என்றாள். அதனால் ஊரே படிக்கட்டும்.

நீ யாருக்காக இந்த ஏற்பாடு செய்தாயோ, அந்த உங்கம்மாவின் கதையை உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் பாதியை நீ வீடியோவில்தான் பார்த்தாய். போன வருஷம் ஏரிப் பாலத்தண்டை மீன் விற்கிற இடத்தில், கூடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கூட விற்கிற பெண்கள் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து, பொன்னேரிக்குக் கொண்டு போனார்கள். கடலிலிருந்து திரும்பின ஈர லுங்கியோடு நான் ஓடினேன். சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது, பாதத்தில் ஒரு புண்ணையும் செருப்புக்குள் மறைத்து வைத்திருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். சோற்றைக் குறைக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாய் கூடாது, கருவாடு கூடவே கூடாது. லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து, கருவாடு காய்கிற மணலிலேயே நடை பழகினவளிடம் கருவாடு கூடாது என்றால் எப்படி இருக்கும்? ஜெயில் தண்டனை கேட்டவள்போல எழுந்து வந்தாள். அப்புறம் ஓட்ஸ் கஞ்சி, கோதுமைக் கஞ்சி, உப்பில்லாத சுரைக்காய். "துணிய ஊறவச்சி திங்கற மாதிரி இருக்குதுய்யா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். சர்க்கரை இறங்கவில்லை, ஆள் இறங்கிவிட்டாள். ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது.

அப்போதுதான் நீ தோஹாவிலிருந்து லீவு போட்டு வந்தாய். நீ அங்கே ஓட்டலில் மெக்சிகோ சமையல் பார்க்கிறாய் என்று நான் யாரிடமாவது சொன்னால், "அரபு நாட்ல ஏன்யா மெக்சிகோ சாப்பாடு?" என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது என்பேன். வந்த மறுநாளே நீ அடுப்பைப் பிடித்துக்கொண்டாய். வாசலில் கரி மூட்டி, தக்காளியையும் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் முழுசு முழுசாய் அதில் போட்டாய். உங்கம்மா கட்டிலிலிருந்தே சத்தம் போட்டாள்: "டேய், நல்ல தக்காளிய ஏண்டா கொளுத்தறே?" நீ திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: "கருகினாத்தாம்மா ருசி. உப்ப கொறச்சா நாக்கு சும்மா இருக்குமா? வேற எதையாவது குடுத்து அத ஏமாத்தணும்." கருகின தோலைப் பாதி உரித்து, பாதி விட்டு, பூண்டும் கொத்தமல்லியும் சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, எலுமிச்சை பிழிந்தாய். காராமணியை ஊறவைத்து, சீரகம் போட்டு வேகவைத்து, பாதியை மசித்தாய். மக்காச்சோள மாவைச் சுடுதண்ணீரில் பிசைந்து, இரண்டு பால் கவருக்கு நடுவே வைத்து, தட்டால் அமுக்கி, உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன ரொட்டியாகக் கல்லில் போட்டாய். மீனில் சீரகமும் மிளகாயும் தடவிச் சுட்டு, முள் எடுத்து, ரொட்டியில் வைத்து, மேலே பொடியாக நறுக்கின கோசும் அந்தத் தக்காளித் துவையலும் போட்டு மடித்து அவள் கையில் கொடுத்தாய்.

அவள் அதை மோந்து பார்த்தாள். கடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "உப்பு கம்மியா இருக்குதாம்மா?" என்று கேட்டாய். "கம்மியாவா போட்டே? தெரிலயே" என்று சொல்லிவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். அதை நான் மறக்கவில்லை. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் அந்த ஒரு நன்றியை வைத்துக்கொண்டு நீ எங்களை ஆட்டிவைத்தது கொஞ்சமா? அந்த மடித்த ரொட்டியை நான் டாக்கோ என்றால் அப்படிச் சொல்லக்கூடாது என்பாய். வெறும் ரொட்டிக்கு டார்டில்லா என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்தால் டார்ட்டியா என்று திருத்துவாய். சல்சா என்று சொல்லாமல் துவையல் என்று சொன்னால் முகம் சுளிப்பாய். இன்னா டாக்காவோ பக்காவோ, சூடா குடு என்று உங்கம்மா அடக்கினால்தான் வாயை மூடுவாய். வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் கரி. கழுவினது யார்? நான்.

லீவு முடிந்து நீ போனாய். உங்கம்மாவால் கால் புண்ணோடு அடுப்பண்டை நிற்க முடியாது. நான் காலையில் கடலுக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுகிறவன், மதியம் சும்மாதான் இருக்கிறேன் என்று நீயே முடிவு செய்து, என் போனில் குரல் பதிவாகப் போட்டுத் தள்ளினாய். ஒவ்வொன்றும் "நைனா, ரொம்ப ஈசி" என்றுதான் தொடங்கும். ஈசியா? முதல் நாள் கடையில் சோள மாவு கேட்டேன். வெள்ளையாய், சுண்ணாம்பு மாதிரி ஒரு பாக்கெட்டைக் கொடுத்தான். நீ சொன்னபடி சுடுதண்ணீர் ஊற்றினேன். கிண்டக் கிண்ட கரண்டியை விடவே மாட்டேன் என்றது. உங்கம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, போஸ்டர் ஒட்டப் போறியா?" என்றாள். உன்னிடம் சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு கார்ன் ஃப்ளவர் வேறு, மக்காச்சோள மாவு வேறு என்று பாடம் எடுத்தாய். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? அப்புறம் பட்டர் ஃப்ரூட். அது இல்லாமல் ஆகவே ஆகாது, நல்ல கொழுப்பு என்று நச்சரித்தாய். பொன்னேரியில் தேடி, கிடைக்காமல், மீஞ்சூர் வரை போய் வாங்கி வந்தேன். கல்லாட்டம் இருந்தது. பழுக்கட்டும் என்று அரிசியில் புதைத்து வைத்தேன். மறந்து, ஒருநாள் திறந்து பார்த்தால் உள்ளே கறுப்பு. கரையில் வலை பிரிக்கிற இடத்தில் இதெல்லாம் தெரிந்துபோய், "மாஸ்டர், இன்னிக்கு இன்னா ஸ்பெஷலு?" என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இப்படி அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தபோது பசியாவரத்திலிருந்து உன் பெரியம்மா வந்தாள். ஒரு தூக்குச் சட்டி நிறைய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, தனியாகச் சோறு. (அக்கா, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்மேல் எனக்குக் கோபமில்லை.) நான் வலை எடுத்துவரப் போயிருந்தேன். "புள்ள எங்கியோ கத்துக்கினு வந்து ஒன்ன பட்னி போடறான், பாவம்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாற, உங்கம்மா சட்டியைக் காலி செய்துவிட்டாள். அடுத்த நாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, மறுபடி பொன்னேரி ஆஸ்பத்திரி. அங்கேதான் நீ வீடியோவில் வந்தாய். டாக்டருக்குக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. "ஒனக்காக நான் இங்க அடுப்புல வேகறேன், நீ அங்க கருவாடு தின்னுக்கினு இருக்கியா?" என்று கத்தினாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போனை அணைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். இல்லை, நான்தான் அணைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. நான் ரொட்டி கொடுத்தால் வாங்கித் தின்றாள், அவ்வளவுதான். பொறுக்காமல், "கோவத்த சாப்பாட்ல காட்டாத" என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். "டாக்டர் ஒண்ணு சொல்றாரு. புள்ள ஒண்ணு சொல்றான். அக்கா ஒண்ணு எடுத்துக்கினு வரா. நீ ஒண்ணு கிண்டறே. எல்லாரும் தட்ட எதுர்ல வச்சிட்டு தின்னு தின்னுன்றீங்களே, ஒனக்கு இன்னா வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" அப்படியே அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "சரி, சொல்லு. இன்னா வேணும்?" என்று கேட்டேன். கல்யாணத்தன்று வெட்கப்பட்ட மாதிரி கொஞ்சம் தயங்கினாள். "மடவ மீனு. கரில சுட்டு. நல்லா காரமா. அப்பறம் அந்தக் கொளுத்தின தக்காளி" என்றாள். அவளுக்கு உன் சாப்பாடு பிடிக்காமல் இல்லை, தினேசு. அதை மருந்து மாதிரி வாயில் திணித்ததுதான் பிடிக்கவில்லை.

அன்றைக்கு ஏரியில் பிடித்த மடவை வாங்கி வந்தேன். அவள் முக்காலியை அடுப்பண்டை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு எனக்கு உத்தரவு போட ஆரம்பித்தாள். காய்ந்த மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து பூண்டோடு அரைத்து மீனில் தடவச் சொன்னாள். பட்டர் ஃப்ரூட் போட வேண்டிய இடத்தில் மாங்காயைச் சீவிப் போடச் சொன்னாள். உன் பதிவில் அது இல்லையே என்றேன். "அவன் இன்னா, மெக்சிகோல பொறந்தானா? போடுய்யா" என்றாள். அந்தப் புளிப்பில் உப்பின் நினைவே வரவில்லை. ரொட்டி இரண்டு, காராமணி ஒரு கரண்டி, கோசு நிறைய, மீன் ஒரு துண்டு. வயிறு நிறைந்து ஏப்பம் விட்டாள். அதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. தினமும் நான் மீனோடு வந்ததும், இன்றைக்கு என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்கிறேன். ஒருநாள் இறாலைக் குடைமிளகாயோடு வதக்கு என்பாள். ஒருநாள் ரொட்டியே வேண்டாம், காராமணியையும் தக்காளியையும் தண்ணியாக வைத்து, எலுமிச்சை பிழிந்து கிண்ணத்தில் கொடு என்பாள். ஒருநாள் நம்மூர்க் குழம்புதான் வேண்டும் என்பாள். உப்பைக் குறைத்து அதையும் வைக்கிறேன். உன் பெரியம்மா மறுபடி வந்தபோது அவளுக்கும் மடித்துக் கொடுத்தோம். மூஞ்சியை ஒரு தினுசாக வைத்துக்கொண்டு தின்றாள். "பரவால்ல. இன்னும் ரெண்டு வை" என்றாள்.

கால் புண் ஆறிவிட்டது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. இப்படியே சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். உங்கம்மா இப்போது பாதி நாள் பாலத்தண்டை போய் உட்கார்ந்து வியாபாரமும் பார்க்கிறாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமலா இருந்தோம்? ஆனால் நீ காதில் வாங்கவில்லை. "இன்னா சாப்ட்டீங்க, போட்டோ அனுப்பு" என்று கேட்பாய். அனுப்பினால், "ரொட்டி தடியா இருக்குது, எண்ணெ ஜாஸ்தி" என்று குற்றம் கண்டுபிடிப்பாய். நைனாவால் முடியவில்லை, அம்மா திருட்டுத்தனம் செய்வாள் என்று நீயே தீர்மானித்தாய். அதற்கு மருந்தாக ஒரு பெண்ணின் வேலையைக் காவு கொடுக்கப் பார்த்தாய். அவள் படித்த படிப்பு என்ன, வேலை கிடைக்க எவ்வளவு அலைந்தாள், அனுப்பம்பட்டில் காலையில் ரயில் பிடிக்க எப்படி ஓடுகிறாள் என்று எப்போதாவது அவளைக் கேட்டிருக்கிறாயா? எனக்கும் தெரியாதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உங்கம்மாவுக்கென்று கொய்யாக்காய் வாங்கி வந்திருந்தாள். நான் கரி மூட்டினேன். நான் செய்கிறேன் மாமா என்று அவள் எழுந்தாள். உங்கம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ உக்காரும்மா. ரத்தத்த பாத்து சொல்ல நீ இருக்கறே, சமைக்க இந்த ஆள் இருக்காரு. ரெண்டையும் ஒருத்தியே பண்ணணும்னு இன்னா தலையெழுத்து?" என்றாள். கலை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உங்கம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் விசிறியும் கையுமாக நின்றேன், மீன் ஒரு பக்கம் தீய்ந்துபோனது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கு முடியலன்னா நானே லீவு போட்டு வந்து பாப்பேன் அத்த. அவரு என்னைக் கேட்டிருந்தா, ரெண்டு பேரும் பேசி எதாச்சும் பண்ணியிருக்கலாம். கேக்காமயே போட்டுட்டாரு. இன்னிக்கு வேல. நாளைக்கு இன்னா கேக்காம போடுவாரோன்னு பயமா இருக்குது."

"கல்யாணம் வேணாம்னு நெனக்கறியாம்மா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு மனசே இல்லை. அந்தப் பெண்ணை எங்களுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. "தெரில மாமா. அவரு பேசட்டும். கேட்டுட்டு சொல்றேன்" என்றாள். தீய்ந்த பக்கத்தை எடுத்துவிட்டு ரொட்டியில் மடித்துக் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டாள். உங்கம்மா அவளை விடுவதாக இல்லை, சர்க்கரை ஏன் காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு காட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கலையும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது உங்கம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அந்தப் பொண்ண நாம இழந்தா அவன நான் சும்மா விட மாட்டேன்" என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகையால் கேட்டுக்கொள். கல்யாணப் பத்திரிகை அடிக்க இன்னும் கொடுக்கவில்லை. நீ அனுப்பின மாதிரிப் பத்திரிகையும், அதில் போடவேண்டிய பேர்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அச்சகக்காரர் தினமும் கேட்கிறார், பொறுங்கள் என்கிறேன். நீ கலையிடம் பேசு. நீ போட்டது தப்பு என்று சொல். அதற்கு ஒரு காரணமும் சேர்க்காதே, அம்மாவுக்காகத்தான் என்று இழுக்காதே. உங்கம்மாவை முன்னே நிறுத்தி நீ பின்னால் ஒளிவது அவளுக்கே பிடிக்கவில்லை. பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே இருப்பது, எப்படி இருப்பது என்று அவளைக் கேள். நீ தோஹாவை விட்டு வர வேண்டியிருக்கலாம், அவள் அங்கே வர ஆசைப்படலாம், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அவள் பேசும்போது "மொதல்ல நான் சொல்றத கேளு" என்று மட்டும் குறுக்கே விழாதே. அவளாக எனக்குப் போன் செய்து, "அடிக்கக் குடுங்க மாமா" என்று சொன்னால் அன்றைக்கே பொன்னேரிக்குப் போகிறேன். வேண்டாம் என்று சொன்னால், அதையும் இதே குழுவில் நீயே எழுது, பழி அவள்மேல் விழாதபடி எழுது.

நான் எழுதுவதை உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து காராமணி பொறுக்கிக்கொண்டே பார்க்கிறாள். "திட்னது போதும், புள்ள சாப்ட்டானான்னு ஒரு வார்த்த கேட்டு எழுதுய்யா" என்கிறாள். நான் கேட்கப்போவதில்லை. ஊருக்கே சமைத்துப் போடுகிறவன், உனக்கு வேண்டியதை நீ சாப்பிட்டுக்கொள்வாய். முதலில் அந்தப் பெண்ணுக்குப் போன் போடு.

நைனா